சேலைன் ஏற்றிய எஞ்சின்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் சேலைனைப் போல உலகத்தைச் சந்தேகித்த மனிதர் கிடைக்கமாட்டார். அவரைப் போல உலகத்தால் சந்தேகிக்கப்பட்டவரும் கிடைக்கமாட்டார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை அச்சில் போட்டால் யாரோ தன்னைத் தேடி வருவதற்கு நான் வழி காட்டுகிறேன் என்று நினைப்பார். ஆகவே ஊர் வைத்த பெயரே இருக்கட்டும்.

களுவாஞ்சிக்குடியில், பிரதான வீதியிலிருந்து வாவிப் பக்கம் திரும்பும் ஒழுங்கையின் முடிவில் அவருடைய கராச் இருந்தது. தண்ணீர்ப் பம்பு, உழவு மிசின், நெல் ஆலை எஞ்சின் என்று டீசல் குடிக்கும் எதையும் திருத்துவார். திருத்தியதோடு விட்டிருந்தால் அவர் மெக்கானிக். விடாததால்தான் சேலைன்.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றும் சேலைன் போத்தல் ஒன்றை, அதன் குழாயோடும் துளியைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சில்லோடும், எஞ்சினுக்கு மேலே தொங்கவிடுவார். எஞ்சின் காற்றை இழுக்கும்போது போத்தலில் உள்ள தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக அதோடு உள்ளே போகும். வெளியே தெரிவது அவ்வளவுதான். குழாயின் நுனி எயார் கிளீனருக்குள் எங்கே போகிறது, அங்கே என்ன பொருத்தியிருக்கிறார் என்பது மட்டும் பரம ரகசியம். அதைத் திறக்கும் நேரம் வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் அங்கால திரும்பி நில்லுங்க" என்பார்.

எல்லோரும் திரும்பி நிற்கவேண்டும். உழவு மிசினின் சொந்தக்காரர் திரும்பி நிற்கவேண்டும். தேத்தண்ணி கொண்டுவந்த கடைக்காரர் திரும்பி நிற்கவேண்டும். ஒருமுறை சுவரில் தொங்கிய கலண்டரின் நடிகையை அவர் மறுபக்கம் திருப்பியதை நானே பார்த்தேன். வாவிக்கரையில் நின்ற கொக்கு ஒன்றைக் கல்லெறிந்து துரத்தியதாகவும் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை. ஆகவே உறுதி சொல்லமாட்டேன்.

தண்ணீரிலும் அவருக்குச் சந்தேகம். "வாவித் தண்ணியில உப்பு. கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு. குழாய்த் தண்ணியில என்ன போட்டிரிக்காங்களோ ஆருக்குத் தெரியும்" என்பார். மழைத் தண்ணீரைப் பிடித்து, காய்ச்சி, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடித்து, பூட்டுப் போட்ட பிளாஸ்டிக் கானில் வைத்திருப்பார். வீட்டில் தான் குடிக்கும் தண்ணீரை அவர் காய்ச்சுவதில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நான் ஓய்வு பெற்ற எழுத்தர். ஊரில் 'கிளாக்கர்' என்பார்கள். மழை எப்போது தொடங்கியது, முகத்துவாரம் எப்போது வெட்டப்பட்டது, யார் வீட்டுக் கிணறு எந்தக் கிழமை வற்றியது என்பதையெல்லாம் கொப்பியில் நேரத்தோடு எழுதிவைப்பது என் பழக்கம். சேலைனின் போத்தலைக் கண்ட நாளிலிருந்து அவரையும் எழுதத் தொடங்கினேன். தண்ணீர் ஊற்றினால் எஞ்சினுக்குப் பலம் கூடுமென்று ஒருவர் சொன்னால், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மோசடி இருக்கத்தானே வேண்டும்?

மோசடியை நிரூபிக்கப் புத்தகங்களைப் புரட்டினேன். வந்தது வினை. பழைய போர் விமானங்களின் எஞ்சின்களுக்கே தண்ணீர் விசிறினார்கள் என்று ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த காற்று அடர்த்தியாக உள்ளே போகும். எஞ்சின் தட்டாமல் இழுக்கும். உள்ளே படிந்த கரியும் கழன்றுபோகும். டீசல் எஞ்சினிலும் செய்யலாம், ஆனால் அளவு தப்பினால் எஞ்சின் கெடும் என்றும் இருந்தது. பொய் என்றிருந்தால் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்பேன். உண்மை என்றதும் என் சந்தேகம் இரட்டிப்பானது. விமானக்காரனுக்குத் தெரிந்த விசயம் எங்கள் ஒழுங்கைக்கு எந்த வழியால் வந்தது?

நான் எழுதுவதை அவரும் கவனித்துவிட்டார்.

"என்ன கிளாக்கர், ஆருக்கு எழுதிக் குடுக்கிறயள்?"

"எனக்குத்தான்."

"உங்களுக்குத் தெரிஞ்சத உங்களுக்கே என்னத்துக்கு எழுதுறயள்?"

அந்தக் கேள்வியையும் நேரத்தோடு எழுதிக்கொண்டேன். நான் ஏதோ கொம்பனியின் ஒற்றன் என்று அவர் முடிவு கட்டினார். அதன் பிறகு நான் கராச் வாசலில் நின்றால், எஞ்சினைத் திறக்காத நேரத்திலும் திரும்பி நிற்கச் சொன்னார்.

அவருடைய கண்டுபிடிப்பு பலிக்காவிட்டால் திட்டினார்கள். பலித்தால் இன்னும் மோசம். காத்தான்குடியிலிருந்து புடைவைக் கட்டு ஏற்றும் லொறியின் சாரதி ஒருநாள் பதறிக்கொண்டு வந்தார். அண்ணனை அந்த ஊரில் 'காக்கா' என்பார்கள்.

"சேலைன் காக்கா, என்ட லொறிக்கு என்ன செஞ்சயள்?"

"ஏன், ஓடலியா?"

"ஓடுது. அதான் பயமாயிரிக்கி. முந்தி பாலத்துல முக்கி முக்கி ஏறினது, இப்ப ஒரே இழுவையில ஏறுது. எங்கயோ களவா இஞ்சின மாத்திட்டாய் எண்டு முதலாளி கேக்கார்."

"நல்லாத்தானே இரிக்கி?"

"நல்லா இரிக்கிறதாலதான் கேக்கார்! கழட்டுங்க காக்கா, எனக்கு இந்த வேல வேணும்."

சேலைன் கழற்றினார். சாரதி திரும்பி நின்றபடி நன்றி சொன்னார்.

பிறகு டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த ஆண்டு வந்தது. எண்ணெய் நிலையத்துக்கு முன்னால் உழவு மிசின்களும் லொறிகளும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஒரு வியாழக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, கை உழவு மிசினில் இழுவைப் பெட்டியைக் கொளுவி, கம்பி ஒன்றை நட்டு, அதில் போத்தலைத் தொங்கவிட்டுக்கொண்டு சேலைன் வந்தார். கம்பியில் சேலைன் ஆடுவதைத் தூரத்தில் கண்ட சனம், நோயாளி வருகிறார் என்று விலகத் தொடங்கியது. "விடுங்கப்பா, வருத்தக்காரர ஏத்திட்டுப் போறாங்க" என்று ஒருவர் கை காட்டினார். இன்னொருவர் தொப்பியைக் கழற்றினார். வரிசையின் முன்பகுதிக்கு வந்த பிறகுதான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். அங்கே வெறும் டீசல் கான்.

"எங்கடா வருத்தக்காரர்?"

"இஞ்சினுக்குத்தான் வருத்தம்" என்றார் சேலைன், மிகவும் உண்மையாக.

வரிசையின் கடைசிக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எஞ்சினை நிறுத்தவிடாமல், போத்தல் ஆடாமல் ஒரு கையால் பிடித்தபடி அவர் பின்னால் நடந்தார். அன்று மாலைக்குள் ஊர் முழுக்க இரண்டு கதைகள் பரவின. சேலைன் டீசலில் தண்ணீர் கலந்து விற்கிறார் என்பது ஒன்று. டீசல் இல்லாமலே எஞ்சின் ஓட்டுகிறார், நமக்குச் சொல்லாமல் ஒளிக்கிறார் என்பது மற்றது. இரண்டையும் ஒரே ஆட்கள்தான் சொன்னார்கள்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

வாவியின் மறுபக்கம், படுவான்கரையில், எங்கள் வயல்கள் சேர்ந்து கிடக்கும் வெளி இருக்கிறது; அதை வட்டை என்போம். அந்தச் சிறுபோகத்தில் குளத்து வாய்க்காலில் தண்ணீர் தாழ்ந்துபோய் மேட்டு வயல்களுக்கு ஏறவில்லை. மேற்கேயிருந்து கச்சான் காற்று நெருப்பாக அடித்தது. வெள்ளாமை குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் தண்டுக்குள் இருக்கும் அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் பதர்தான் மிஞ்சும். வட்டைக்குச் சொந்தமான பழைய பம்பு எஞ்சின் ஒன்று இருந்தது. அது கரும்புகை கக்கியது, தட்டியது, அரை மணிக்கு ஒருமுறை கொதித்தது. எங்கள் கையில் ஒரு பீப்பாய் டீசல். அந்த எஞ்சின் அந்தப் பீப்பாயைக் குடித்து முடிக்கும்போது தண்ணீர் பாதி வழிக்குத்தான் போயிருக்கும். வாய்க்காலின் கடைசியில் இருந்தது என் வயல். அந்த ஆண்டு கடையில் அரிசி கிடைக்குமென்று யாரும் உறுதி சொல்லவில்லை. என் வீட்டின் ஒரு வருடச் சோறு அந்த வயலில் நின்றது.

சனிக்கிழமை வட்டைக் கூட்டம். தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டை விதானையார் தலைவர். நான் செயலாளர். சேலைன் கூப்பிடாமலே வந்து பின்வரிசையில் நின்றார்.

"என்ட போத்தலக் கட்டினா அந்த ஒரு பீப்பாயில கடைசி வயல் வரைக்கும் தண்ணி போகும்" என்றார்.

விதானையார் தலையைச் சொறிந்தார். "இஞ்சின் செத்தா வெள்ளாமையும் சாகும் மனே. விளையாட்டில்ல."

"டீசல்லயே தண்ணி விடுறவன்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நானும் எழுந்து, அளவு தப்பினால் எஞ்சின் கெடும் என்று நான் வாசித்ததைச் சொன்னேன். அளவு தப்பாவிட்டால் நல்லது என்று வாசித்ததைச் சொல்லவில்லை.

சேலைன் பின்வரிசையிலிருந்து முன்னுக்கு வந்தார். பிறகு சொன்னார்: "விதானையார், அம்மாள் கோவத்தில எரியக்குள்ள நாம என்ன செய்யிறம்? குளிர்த்தி செய்யிறம். தண்ணி தெளிச்சி ஆற வைக்கிறம். ஆறினாப் பிறகு அவ நமக்கு நல்லதுதானே செய்யிறா? இஞ்சினும் அப்பிடித்தான். உள்ளுக்க எரிஞ்சி கிடக்கு. நான் குளிர்த்தி செய்யிறன், அவ்வளவுதான்."

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கின் முடிவில் குளிர்த்தி பாடி நீர் தெளிக்காத ஊர் எங்கள் பக்கத்தில் இல்லை. அந்தத் திங்கட்கிழமைதான் எங்கள் கோயிலிலும் குளிர்த்தி. முணுமுணுத்தவர்களும் தலையை ஆட்டினார்கள். ஆங்கிலப் புத்தகத்தால் எனக்கு விளங்கியதை அவர் ஒரே வார்த்தையில் எல்லோருக்கும் விளங்கவைத்துவிட்டார்.

ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள். கிளாக்கர் கொப்பியோடு பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

"இரிக்கட்டும்" என்றார் சேலைன். "ஆனா நான் சொல்லக்குள்ள திரும்பி நிக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு எஞ்சின் தொடங்கியது. ஏழு நாற்பதுக்குப் புகை கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறியது. எட்டே காலுக்குத் தட்டும் சத்தம் நின்றது. பம்பின் வாயில் தண்ணீர் முன்பைவிட ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. விதானையார் வரம்பில் நின்று, "என்ன மனே இது, புது இஞ்சின் மாதிரி" என்றார். நான் எல்லாவற்றையும் எழுதினேன். எழுத எழுத எனக்குச் சந்தேகம் கூடியது.

இரண்டு நாள் ஒரு மருத மர நிழலில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் துளிகளை எண்ணினார். நான் அவர் எண்ணுவதை எண்ணினேன். எழுந்து போகும்போதெல்லாம் போத்தலில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போவார்.

"என்னத்துக்கு அது?" என்று கேட்டேன்.

"கொப்பி நீங்க மட்டுமா வச்சிரிக்கயள்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை. தண்ணீர் இன்னும் என் வயலுக்கு வரவில்லை. மூன்று வயல் தள்ளி நின்றது. பீப்பாயைத் தட்டிப் பார்த்தால் சத்தம் பாதிக்குக் கீழே கேட்டது. ஏழரை மணிக்கு என் மனைவி வாவியைக் கடந்து சோற்றுப் பார்சலோடு வந்தாள். கூடவே ஒரு சிறு செம்பு. கோயிலில் குளிர்த்தி செய்த தண்ணீர்.

"வயலில தெளிச்சி விடுங்க" என்றாள். வைத்துவிட்டுப் போனாள்.

சேலைன் வாய்க்காலில் கால் கழுவப் போயிருந்தார். நான் செம்பைப் பார்த்தேன். போத்தலைப் பார்த்தேன். நான் சேலைனை நம்பியிருந்தால் அந்தச் செம்பைத் தொட்டிருக்கமாட்டேன். நம்பாததால்தான், ஒரு காப்புக்காக, அம்மாளையும் சேர்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன். இத்தனை புத்தகம் வாசித்தவன், சனிக்கிழமை அவர் சொன்ன உவமையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டேன். போத்தலின் மூடியைத் திறந்து இரண்டு வாய் அளவு ஊற்றினேன். ஏழு நாற்பத்தைந்து இருக்கும். அதை மட்டும் கொப்பியில் எழுதவில்லை.

எட்டு மணிக்கு எஞ்சின் ஒருமுறை இருமியது. எட்டு பத்துக்குத் தட்டத் தொடங்கியது. புகை கறுத்தது. பம்பின் வாயில் தண்ணீர் தளர்ந்து விழுந்தது. சேலைன் ஓடி வந்து போத்தலைப் பார்த்தார். துளி நின்றிருந்தது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினார் விதானையார்.

"நிப்பாட்டினா லேசில திருப்பி எழும்பாது! எழுப்ப எவ்வளவு டீசல் போகும் தெரியுமா? கராச்சில மேசைக்குக் கீழ புதுக் குழாய் கிடக்கு, ஓடுங்க!"

விதானையார் சைக்கிளை எடுத்தார். பாலம் தாண்டிப் போய்வர எப்படியும் முக்கால் மணி நேரம். சேலைன் குழாயைப் பிடுங்கி எறிந்தார். பூட்டுப் போட்ட கானைத் திறந்து, காய்ச்சி வடித்த மழைத் தண்ணீரை வாய் நிறைய எடுத்தார். எயார் கிளீனருக்கு முன்னால் குந்தி, உதட்டைக் குவித்து, புகைபோல மெல்லியதாக ஊதினார். பிறகு இன்னொரு வாய். பிறகு இன்னொரு வாய்.

வரம்பில் நின்ற சனம் வாயைப் பிளந்தது. "இஞ்சினுக்குத் துப்புறார்ரா!" என்று ஒரு குரல். சேலைனால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறையத் தண்ணீர். கண்ணால் மட்டும் முறைத்தார். நான் கானைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தேன். கன்னம் வலித்து அவர் சாய்ந்தபோது நான் குந்தி ஊதினேன். நான் ஊதியது மழைபோல விழுந்தது. என்னைத் தள்ளிவிட்டு மறுபடியும் அவரே குந்தினார். எஞ்சின் தட்டியது, இருமியது, நிற்கவில்லை. எட்டு இருபதிலிருந்து ஒன்பது ஐந்து வரை எங்கள் வட்டையின் வெள்ளாமை ஒரு மனிதரின் இரண்டு கன்னங்களில் நின்றது.

விதானையார் வியர்வை சொட்ட வந்து சேர்ந்தார். புதுக் குழாய் ஏறியது. புகை வெளுத்தது. அதன் பிறகுதான் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "என்ன நடந்த? குழாய் ஏன் அடைச்சிது?"

சேலைன் கீழே கிடந்த பழைய குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு போத்தலைப் பார்த்தார். பென்சில் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் தண்ணீர் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. குழாயைச் சுருட்டி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"நான்தான்" என்றார். "குழாயக் கழுவாம மாட்டிட்டன்."

"எழுதுங்க கிளாக்கர்" என்றார் விதானையார்.

 என் பேனா எழுதியது: 'குழாயைச் சுத்தம் செய்யாதது சேலைனின் கவனக்குறைவு.' அழகான கையெழுத்து.

புதன்கிழமை பின்னேரம் நான்கு பத்துக்குத் தண்ணீர் என் வயலுக்குள் வந்தது. பீப்பாயில் ஒரு போத்தல் டீசல் மிச்சம் இருந்தது. கதிர் முழுதாக வந்தது. என் வீட்டில் அந்த வருடம் சோறு இருந்தது.

ஆனால் ஊர் எதை நினைவில் வைத்தது தெரியுமா? "தன்ட குழாயக் கழுவத் தெரியாதவன் இஞ்சினக் கழுவுறானாம்." பக்கத்து வட்டைக்காரர் போத்தல் கட்டக் கேட்டிருந்தார்கள். அந்த மனிதரின் வாழ்க்கையில் முதன்முதலாக யாரோ தாமாகவே வந்து கேட்டிருந்தார்கள். இந்தக் கதை போனதும் வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அறுவடை முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, புது நெல் குத்திய அரிசியில் ஒரு பையோடு கராச்சுக்குப் போனேன்.  தலையைத் தூக்கினால், கலண்டர் தொங்கிய ஆணியில் ஒரு துண்டுக் குழாய் தொங்கியது. உள்ளே மஞ்சள் கறை. நுனியில், நகத்தளவு, ஒரு வேப்பிலைத் துண்டு.

"தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"கோட்டுக்கு மேல தண்ணி ஏறக்குள்ளயே தெரியும்."

"பிறகு ஏன் சொல்லல?"

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "இந்த ஊரில மழை எப்ப பேஞ்ச எண்டு சண்டை வந்தாலும் உங்கட கொப்பியைத்தானே பாக்காங்க. அது பொய் எண்டு போனா ஒண்டும் மிஞ்சாது. என்னை ஆரு நம்பினது, புதுசா நம்பாம விடுறதுக்கு?"

அன்றிரவே கொப்பியைத் திறந்து, அந்த வரியின் கீழே, நடந்ததை நேரத்தோடு எழுதி ஒப்பம் வைத்தேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து வாசித்தேன். விதானையார் நெடுநேரம் சிரித்தார். பக்கத்து வட்டைக்காரர் அடுத்த சிறுபோகத்துக்குச் சேலைனைக் கூப்பிட்டார்கள். என் கொப்பியை யாரும் நம்பாமல் விடவில்லை; ஆனால் இப்போது என்னைக் கண்டால், "கிளாக்கர், செம்பு கொண்டு வந்தயளா?" என்று கேட்பார்கள். ஊர் முழுக்கப் பரவிய கதை இந்த வார இதழுக்கும் வரட்டுமே என்றுதான் எழுதுகிறேன். சேலைனிடம் கேட்டேன். யார் என்னை எழுதச் சொன்னது என்று விசாரித்துவிட்டுச் சம்மதித்தார்.

அந்த வெள்ளிக்கிழமையில் இன்னும் ஒன்று பாக்கி. அரிசிப் பையை வாங்கி வைத்த பிறகு, அவர் மேசையில் கிடந்த எஞ்சின் ஒன்றின் எயார் கிளீனரைக் கழற்றத் தொடங்கினார். நான் பழக்கத்தில் எழுந்து, அங்கால் திரும்பி நின்றேன்.

பின்னால் ஸ்பானரின் சத்தம் நின்றது.

"சும்மா இஞ்சால பாருங்க, கிளாக்கர்" என்றார்.

பார்த்தேன். என்ன பார்த்தேன் என்பது என் கொப்பியில் இல்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.